விஜயா சொன்ன எண்

முப்பத்து நான்கு வருடம் நான் பார்த்த வேலை, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பது. மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம் ஒன்றில் கள ஆய்வாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, என்ன படிப்பு, என்ன வேலை, கடந்த பதினைந்து நாளில் யாருக்கு என்ன உடம்பு என்று நீளமாக ஒரு படிவம். ஹவுராப் பட்டறைச் சந்துகளிலிருந்து சுந்தரவனத்துப் படகுத்துறை வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறேன். அந்த வேலையில் ஒரு வசதி உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்பதால், கதவைத் திறந்தவர் யாரோ அவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிடலாம். அவர் பெரும்பாலும் அந்த வீட்டு ஆண்பிள்ளை. மனைவிக்கு உடம்பு எப்படி என்று கேட்டால், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒன்றுமில்லை என்பார். உள்ளே அந்த அம்மாள் இருமுவது என் காதில் விழும். நான் ஒன்றுமில்லை என்பதற்கு உரிய எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி இருக்கும்.

என் வீட்டுக்கே நான் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால், என் மனைவியின் வரியில் இப்படித்தான் எழுதியிருப்பேன்: விஜயா, வயது ஐம்பத்தைந்து, படிப்பு பி.ஏ., வேலை வீட்டு வேலை, உடம்பு பரவாயில்லை. நான்கு பதில். நான்கையும் நானே சொல்லியிருப்பேன். அந்த வரியைத் திருத்தத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி மாம்பலத்திலிருந்து கொல்கத்தா வந்தாள். நான் அதற்கு நான்கு வருடம் முன்பே வந்து வங்காளம் பேசக் கற்றிருந்தேன். ஆனால் என் வங்காளம் படிவத்து வங்காளம். "தங்கள் இல்லத்தில் கழிவறை உள்ளதா" என்று பிசகில்லாமல் கேட்பேன். கத்தரிக்காய் பேரம் பேச வராது. விஜயா ஆறே மாதத்தில் காய்கறிக் கடைக்காரனோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். சால்ட் லேக்கில் எங்கள் கோ-ஆபரேட்டிவ் குடியிருப்பில் கீழ்வீட்டு மந்திரா தி, நம் வழக்கில் மந்திரா அக்கா, சந்தைக்குப் போனால் இவளையும் இழுத்துக்கொண்டு போவார். முட்டைகூடத் தொடாத என் மனைவி, இலிஷ் மீனின் கண்ணைத் தூரத்திலிருந்து பார்த்தே நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடுவாள். மீன்காரர்களுக்கு இவளைக் கண்டால் பயம்.

எங்கள் பிளாக்கில் துர்கா பூஜை நடக்கும்போது அஷ்டமியன்று விடியற்காலையில் பெண்கள் பந்தலில் வரிசையாக உட்கார்ந்து நைவேத்தியத்துக்குப் பழம் நறுக்குவார்கள். பட்டினியோடு, குளித்த ஈரத் தலையோடு, கூடை கூடையாக. பத்தொன்பது வருடமாக அந்த வரிசையில் விஜயாவுக்கு ஓர் இடம் உண்டு. கல்யாணத்தில் கொண்டுவந்த அருவாமணையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவாள். அவர்கள் அதைப் 'பொண்டி' என்பார்கள். பெயர்தான் வேறு, காலை மடக்கி உட்காருவதும் கத்தியின் வளைவும் ஒன்றுதான்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தும் நான் எல்லோரிடமும் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? பாவம், என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு ஊரை விட்டு இங்கே வந்து கிடக்கிறாள், ரிடையர் ஆனதும் அவளைச் சென்னைக்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று. அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மறுத்து ஒன்றும் சொல்ல மாட்டாள்.

வலி போன குளிர்காலத்தில் வந்தது. முதலில் மாடிப்படியில்தான் கவனித்தேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று யாரோ வைத்திருக்கும் மணி பிளான்ட்டின் இலையைத் துடைக்க ஆரம்பித்தாள். அடுத்தவர் வீட்டுச் செடி மேல் இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று எரிச்சல் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்தால் நேராக நிமிர முடியாது; பாதி எழுந்து, நின்று, அப்புறம் மீதி. வலது இடுப்பின் முன்பக்கம், துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்கு உள்பக்கமாக, விரல் நுழையும் ஆழத்தில் வலி. தரையில் உட்காருவது நின்றது. அருவாமணை பரணுக்குப் போயிற்று.

எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. எல்லாம் சுத்தமாக இருந்தன. மூட்டு நன்றாக இருக்கிறது, தசைப்பிடிப்புதான், வயது என்று மாத்திரை எழுதினார். இடம் எது என்று அவர் கேட்டபோது ஆண் டாக்டரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட விஜயா கூச்சப்பட்டதால், நானே என் இடுப்பில் காட்டினேன். எப்போது ஆரம்பித்தது என்றதற்கும் நானே பதில் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, வயதாகிறதில்லையா என்றேன். விஜயா கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை தீரும்வரை வலி குறைந்தது. தீர்ந்ததும் திரும்பி வந்தது. நான் முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்று மாடி ஏறி இறங்க முடியாதவளை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்ய? சென்னையில் எங்கள் மகன் வருண் இருக்கும் அடுக்குமாடியிலேயே, லிஃப்ட்டோடு ஒரு வீடு வாடகைக்குக் காலியாகப் போகிறது. பூஜை முடிந்ததும் இந்த வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அவனிடம் சொன்னேன். அம்மா என்ன சொல்றா என்று அவன் கேட்டான். அம்மாவுக்கும் அதுதான் ஆசை என்றேன். அவள் அப்போது அடுக்களையில் நின்றபடியே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுத் தரகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அறைகளை அளந்துவிட்டுப் போனார். அன்று விஜயா மத்தியானம் சாப்பிடவில்லை. வலியினால்தான் என்று நினைத்தேன்.

செப்டம்பர் பிறந்ததும் மந்திரா தி ஒரு விலாசம் கொடுத்தார். காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. ஸ்வாகதா லாஹிரி என்று ஒரு பெண். பிசியோதெரபி படித்துவிட்டு வெளிநாட்டில் ஆஸ்டியோபதியும், கையாலேயே தசையையும் எலும்பையும் சரிசெய்கிற வைத்தியம், கற்று வந்தவர். மந்திரா தியின் தோள்பட்டையைச் சரிசெய்தவராம். எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள், எலும்பைச் சொடக்குவார்கள், இருந்த வலியும் இரண்டு மடங்காகும் என்றேன். மெட்ரோவில் போனால் அதிகம் நடக்க வேண்டாம் என்று மட்டும் விஜயா சொன்னாள்.

கருணாமயீயில் ஏறி எஸ்பிளனேடில் மாறிக் காளிகாட்டில் இறங்கினோம். ஸ்வாகதாவுக்கு நாற்பது வயது இருக்கும். என்னை 'மேஷோமொஷாய்' என்றும் விஜயாவை 'மாஷிமா' என்றும் கூப்பிட்டார். நாம் சித்தப்பா, சித்தி என்கிற மாதிரி. எண்ணெயும் இல்லை, சொடக்கும் இல்லை. விஜயாவைக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்லி, புடவைக்கு மேலாகவே ஒரு விரலால் இடுப்பெலும்பின் உள்ளோரத்தில் மெல்ல மெல்லத் தேடினார். ஓர் இடத்தில் விஜயாவின் கால் கட்டைவிரல் மடங்கிற்று. விரல் அங்கேயே நின்றது.

அப்புறம் எனக்கு விளக்கினார். இந்தப் புள்ளியை அழுத்தும்போது வருகிற வலிக்குப் பத்து என்று வைத்துக்கொள்ள வேண்டும். விரலை எடுக்காமல் இன்னொரு கையால் காலை மடக்கி, திருப்பி, தசை தளரும் பக்கமாகக் கொண்டுபோவார். நோயாளி எண்ணைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பத்து எட்டாகி, ஐந்தாகி, இரண்டுக்கு வருகிற நிலை ஒன்று இருக்கும். அங்கே தொண்ணூறு நொடி வைத்திருந்து, பிறகு மிக மெதுவாகக் காலை இறக்க வேண்டும். நோயாளி தானாக எதையும் அசைக்கக் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். இழுப்பதற்குப் பதிலாக, பிடித்துக்கொண்டிருக்கும் தசைக்கு அது விரும்புகிற மடிப்பையே கொஞ்ச நேரம் கொடுப்பது. சரியான நிலை எது என்று என் விரலுக்கு ஓரளவுதான் தெரியும், மாஷிமா சொல்கிற எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும் என்றார்.

இந்த இடத்தில்தான் நான் என் கைவரிசையைக் காட்டினேன். எண், பதில், படிவம் எல்லாம் நம்ம துறை அல்லவா? கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஸ்வாகதா கேட்பார், விஜயா வாயைத் திறப்பதற்குள் நான் தமிழில் எவ்வளவு என்பேன், அவள் "பரவாயில்லை" என்பாள், நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஐந்து என்பேன். காலைக் கொஞ்சம் மடக்கியதும் குறைந்ததா என்பேன். அவள் தலையை ஆட்டுவாள். நான் இரண்டு என்பேன். ஸ்வாகதா அந்த நிலையிலேயே தொண்ணூறு நொடி நிறுத்துவார். முதல் முறை ஒரு பலனும் இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. திரும்பி வரும் வழியில் எஸ்பிளனேடில் படியேறும்போது விஜயா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எல்லாம் ஏமாற்று வேலை, ஊருக்குப் போய்ச் சேரும் வழியைப் பார்ப்போம் என்றேன்.

மூன்றாம் முறை போகவே நான் சம்மதிக்கவில்லை. விஜயா புடவை மாற்றிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். அவளாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அபூர்வம். முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன்.

அன்று நான் ஸ்டூலை இழுத்தபோது ஸ்வாகதா சிரித்தார். கோபமே இல்லாமல், ஆனால் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "மேஷோமொஷாய், நான் மாஷிமாவைக் கேட்கிறேன், பதில் உங்களிடமிருந்து வருகிறது. வலி உங்களுக்கா? வெளியே ஃபேன் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது. கொஞ்சம் உட்காருங்கள்."

எழுந்து வந்தேன். அறுபத்திரண்டு வயதில் வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் எப்படி இருக்கும்? பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு உள்ளே கொதித்தேன். நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கேட்காமலிருக்கவும் இல்லை.

"இப்போது?" என்று ஸ்வாகதா கேட்பது காதில் விழுந்தது.

"பத்து" என்றாள் விஜயா, வங்காளத்தில். போன வாரம் அதே இடத்துக்கு நான் ஐந்து என்று சொல்லியிருந்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது. எட்டு என்றாள். எட்டேதான், குறையவில்லை என்றாள். இரண்டு காலையும் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்வதாக ஸ்வாகதா சொன்னார். ஆறு. கணுக்கால்களைக் குறுக்காகப் போட்டு முழங்கால்களை வெளிப்பக்கம் சாயவிடச் சொன்னார். நான்கு. இன்னும் கொஞ்சம் வலது பக்கமாக, இன்னும் ஒரு விரற்கடை. விஜயா பெருமூச்சு விட்டாள். அப்படி ஒரு மூச்சை நான் பல மாதமாகக் கேட்டதில்லை. இரண்டு என்றாள். இரண்டுகூட இல்லை என்றாள்.

அசையாதீர்கள், தொண்ணூறு நொடி என்றார் ஸ்வாகதா. அந்த நேரத்தில் விஜயா தானாகப் பேசினாள். நான் பொண்டியில் உட்காருவது இப்படித்தான், கால் இப்படியேதான் மடங்கியிருக்கும் என்றாள். அப்படி உட்கார்ந்திருந்தபோதா வலி ஆரம்பித்தது என்று ஸ்வாகதா கேட்டார். உட்கார்ந்திருந்தபோது இல்லை, எழுந்தபோது என்றாள் விஜயா. அப்புறம் அந்தக் கதையைச் சொன்னாள்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிச் சொல்லிப் பரப்பியவனே நான்தான். ஜனவரியில் ஒரு காலை, மந்திரா தி அனுப்பிய பட்டாணிக் கச்சோரியை ஒன்பது தின்றுவிட்டு, குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "விஜயா, நான் போறேன்" என்று அலறினேன். ஆட்களைத் திரட்டி, காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இ.சி.ஜி. எடுக்கப் படுத்திருந்தபோது ஒரு பெரிய ஏப்பம் வந்தது. உயிரும் திரும்பி வந்தது. பிக்னிக்கில், மாடித் திருப்பத்தில், சங்கக் கூட்டத்தில் எங்கே கேட்டாலும் அபிநயத்தோடு சொல்வேன். ஏப்பம் வருகிற இடத்தில் விஜயாவும் சிரிப்பாள்.

திரைக்குப் பின்னால் அவள் சொன்னதில் ஏப்பம் வரவேயில்லை. அன்று அடுக்களைத் தரையில் ஒரு மணி நேரத்துக்கு மேலாக வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாளாம், எங்கள் வீட்டுக்கும் மந்திரா தி வீட்டுக்குமாக. கால் மரத்துப்போயிருந்ததாம். என் குரல் கேட்டதும் அருவாமணையைத் தள்ளிவைக்கக்கூட நேரமில்லாமல், கத்தி காலில் படாமலிருக்க இடுப்பைத் திருப்பிக்கொண்டு ஒரே துள்ளலில் எழுந்தாளாம். உள்ளே ஏதோ சுண்டி இழுத்ததாம். அந்தக் காலோடு மூன்று மாடி இறங்கி, மந்திரா தி வீட்டுக் கதவைத் தட்டி, மறுபடி மேலே ஏறி, என்னைத் தாங்கிக்கொண்டு இறங்கினாளாம்.

இதை மேஷோமொஷாயிடம் சொல்லவில்லையா என்று ஸ்வாகதா கேட்டார். விஜயா சொன்னாள்: "அன்னிக்கு அவர் நெஜமாவே செத்துப்போயிடுவோம்னு பயந்துட்டார். அந்தப் பயம் போகத்தான் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றார். நான் இதைச் சொன்னா, அப்புறம் அந்தக் கதையைச் சொல்லவே மாட்டார்."

வங்காளத்தில்தான் சொன்னாள். எனக்கு அது தமிழிலேயே விழுந்தது. பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் சொன்னது உண்மையாக இருந்தது. அன்று நான் பயந்ததை நான் யாரிடமும், என்னிடமேகூட, ஒப்புக்கொண்டதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதம் அதைத் தன் இடுப்புக்குள் வைத்துக்கொண்டு என் கதைக்குச் சிரித்திருக்கிறாள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது, கொஞ்சம் கொஞ்சமாக என்று நான் சொல்லியிருக்கிறேன்.

ஸ்வாகதா காலை மிக மெதுவாக இறக்கினார் போலிருக்கிறது, வெகுநேரம் ஆயிற்று. மறுபடி அழுத்திக் கேட்டார். ஐந்து என்றாள் விஜயா. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, வாரம் ஒருமுறை இங்கே, தினமும் வீட்டில் என்று சொல்லிக்கொடுத்தார். புள்ளியை மாஷிமாவே தன் விரலால் அழுத்திக்கொள்வார். என் வேலை, கால்களைத் தாங்குவது, கேட்பது, எண்ணுவது, மெதுவாக இறக்குவது. எண்ணைச் சொல்வது என் வேலை இல்லை என்று மறுபடியும் சிரித்தார். திரும்பவும் கூடினால் டாக்டரிடம் போக வேண்டும், இது மந்திரம் இல்லை என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் விஜயா ஸ்டேஷனுக்குத் திரும்பாமல் லேக் மார்க்கெட் பக்கம் நடந்தாள். கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தாள், ஆனால் நிற்கவில்லை. ஒரு வாழைப்பூவை எடுத்து, மடலைப் பிரித்துப் பார்த்து, கடைக்காரனோடு வாதாடி வாங்கிப் பையில் போட்டாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். மெட்ரோவில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பேச வேண்டியது நிறைய இருந்ததால் எதில் ஆரம்பிப்பது என்று வீடு வரை தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பூஜை கமிட்டிக் கூட்டம். பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். டீ வந்தபோது யாரோ என்னை அண்ணா முறையில் கூப்பிட்டு, சேஷாத்ரி தா, புதிதாக வந்தவர்களுக்கு உங்கள் கச்சோரிக் கதையைச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறந்தேன். ஏப்பம் வருகிற இடம் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் மூன்று மாடி இறங்கி ஏறியவள் ஞாபகம் வந்தாள். பழைய கதை, விடுங்கள், டீ ஆறுகிறது என்றேன். எதிர்வரிசையில் விஜயா என்னை நிமிர்ந்து பார்த்தாள். திரைக்கு வெளியே நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. படியேறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். நானும் நின்றேன்.

"என்னை மன்னிச்சுடு" என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறை.

"ஏப்பம் நன்னாத்தான் விடுவேள், அதை நிறுத்த வேண்டாம்" என்றாள். மேலே ஏறினாள்.

தினமும் சாயங்காலம் வைத்தியம் நடந்தது. விஜயா கட்டிலில் படுத்துக்கொள்வாள். நான் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு தலையணையை மடியில் போட்டு அவள் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவள் தன் விரலால் புள்ளியை அழுத்துவாள். எவ்வளவு என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சொல்லத்தான் சுலபம். அவள் முகம் சுளித்தால் எட்டு என்று என் நாக்கு நுனி வரை வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொள்வேன். முதல் நாள் எவ்வளவு என்றதும் பழக்கதோஷத்தில் பரவாயில்லை என்றாள். பரவாயில்லை எத்தனாம் எண் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ஆறு என்றாள். ஒவ்வொரு நாளும் அவள் சொல்கிற எண்ணுக்காகக் காத்திருந்ததில், அவள் யோசித்துப் பேசுகிறவள் என்று கண்டுபிடித்தேன். கேட்டதற்கும் சொல்வதற்கும் நடுவே அவளுக்கு ஓர் இடைவெளி வேண்டும். இத்தனை வருடமும் அந்த இடைவெளியில் நான் புகுந்து பேசியிருக்கிறேன்.

மகாளயம் கழிந்து இரண்டாம் நாள். அழுத்தினால் நான்கு என்கிற அளவுக்கு வந்திருந்தது. அன்று காலை பரணிலிருந்து அருவாமணையை இறக்கித் தரச் சொல்லியிருந்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று சுவரோரம் வைத்திருந்தாள். மத்தியானம் தரகர் போன் செய்து, வீடு பார்க்க ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்றார். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். விஜயா காதில் அது விழுந்தது. தட்டில் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தாள்.

சாயங்காலம் கால்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். கணுக்கால்களைக் குறுக்காகப் போட்டு, முழங்கால்களைச் சாயவிட்டு, ஒரு விரற்கடை வலப்பக்கம். எவ்வளவு என்றேன். ஒன்று என்றாள். எண்ண ஆரம்பித்தேன். ஜன்னல் வழியாகப் பந்தலில் டாக் அடித்துப் பார்க்கும் சத்தம் வந்தது. அந்தப் பெரிய தோல்மேளத்தின் சத்தம் கேட்டதும் விஜயாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பிற்று. முப்பதாவது எண்ணில் இருந்தேன். முப்பத்து நான்கு வருடம் ஊரெல்லாம் கேள்வி கேட்டவன் வீட்டில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி எனக்கு அப்போது தட்டுப்பட்டது. கேட்க பயமாக இருந்தது. பதில் எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் பயம்.

"விஜயா" என்றேன். "சென்னைக்குப் போயிடறதை நெனச்சா, எவ்வளவு?"

அவள் மேளச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்காமல், வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். கண் ஓரத்திலிருந்து வழிந்து காதுக்குள் இறங்கியதை அவள் துடைக்கவில்லை. ஒரு விரல் புள்ளியில் இருந்தது, அசையக் கூடாது.

"பத்து" என்றாள்.

அவள் கால்கள் என் மடியில் கனமாக இருந்தன. எழுந்து போய்த் தரகருக்கும் வருணுக்கும் போன் செய்ய வேண்டும். ஆனால் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. எது செய்தாலும் மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்று ஸ்வாகதா சொல்லியிருந்தார். எதுவரை எண்ணினேன் என்று மறந்துபோயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.